வள்ளியம்மைக்கு முன்னால் போன பதினொரு பேர்

தம்பி, ஆகஸ்ட் 9 தென்னாப்பிரிக்க மகளிர் தினத்துக்கு உங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் மேடையேறிப் பேசுகிறார்கள். வருடா வருடம் கஸ்தூரிபாய், தில்லையாடி வள்ளியம்மை என்று இரண்டு பேரோடு நின்றுவிடுகிறது. நம் தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பெண்களில் சொல்லும்படி வேறு யாருமே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லாமல் என்ன! டர்பன் சாட்ஸ்வர்த்தில் பல காலம் வரலாற்றுப் பாடம் எடுத்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பிள்ளைகளுக்கு வேண்டியதை மட்டும் நீங்கள் நறுக்கிக்கொள்ளுங்கள்.

வள்ளியம்மையைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் காந்தி நடத்திய 1913 சத்தியாக்கிரகப் போராட்டத்தைத் திருப்பிவிட்ட காரியத்தைச் செய்தவர்கள் அவருக்கு முன்னால் புறப்பட்ட பதினொரு பெண்கள். அவர்கள் சிறையிலிருந்து உயிரோடு திரும்பி வந்து சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் பார்த்தார்கள். நமக்கோ உயிர் கொடுத்தவர்களைத்தான் பாடத் தெரிகிறது. அதனால்தான் இவர்கள் விடுபட்டுப் போனார்கள் என்று நினைக்கிறேன்.

அவர்கள் எதிர்த்தது இரண்டு சங்கதிகளை. முதலில் மூன்று பவுன் வரி. 1860 நவம்பர் 16-இல் மதராஸிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் நின்றதிலிருந்து 1911 வரை ஒரு லட்சத்து 52 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும், இல்லையா, மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் முடியாது, இங்கேயே சுதந்திரமாகப் பிழைக்கிறேன் என்றால் வருடத்துக்கு மூன்று பவுன் கட்ட வேண்டும். 1895-இல் போட்ட சட்டம் இது. 1903-இல் பதினாறு வயதான பையன்களையும் பதின்மூன்று வயதான பெண்பிள்ளைகளையும் அதில் சேர்த்தார்கள். ஒப்பந்தத்தின் முதல் வருடத்தில் ஆணுக்கு மாதம் பத்து ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி, ஐந்து ஷில்லிங். ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தக் கூலி விகிதத்தில் ஒரு பெண்ணுக்கு ஒரு வருட உழைப்பு முழுக்க அந்த வரிக்கே சரியாகிவிடும். புருஷன், பெண்டாட்டி, வயதுக்கு வந்த ஒரு மகள் என்றால் ஒன்பது பவுன். 1910-இல் ஒரு திருத்தம் வந்தது. மாஜிஸ்திரேட் மனசு வைத்தால் பெண்களுக்கு விலக்குத் தரலாம் என்றது. மாஜிஸ்திரேட் மனசு வைப்பதை நம்பி யார் குடும்பம் நடத்த முடியும்?

அடுத்தது கல்யாணம். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். பலதாரத்துக்கு இடம் தரும் மதங்களின் முறைப்படி நடந்த கல்யாணம் இந்த நாட்டில் செல்லாது என்று. தாலி கட்டியவளும் நிக்காஹ் ஆனவளும் ஒரே நாளில் சட்டத்தின் முன் மனைவி இல்லாமல் போனார்கள். அதுவரை ஆண்களோடு நின்றிருந்த சிறைப் போராட்டத்துக்குள் பெண்கள் இறங்கியதற்கு உடனடிக் காரணம் இதுதான். காந்தியே முதலில் தயங்கினார், சிறைக் கஷ்டங்களைச் சொல்லிச் சொல்லி எச்சரித்தார். ஜோஹன்னஸ்பர்க் தமிழ்ப் பெண்கள் பின்வாங்கவில்லை.

அந்தப் பதினொரு பேரின் பட்டியலைக் காந்தி தன் தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரக வரலாற்றில் கொடுத்திருக்கிறார். திருமதி தம்பி நாயுடு, திருமதி என். பிள்ளை, திருமதி கே. முருகேச பிள்ளை, திருமதி ஏ. பெருமாள் நாயுடு, திருமதி பி.கே. நாயுடு, திருமதி கே. சின்னசாமி பிள்ளை, திருமதி என்.எஸ். பிள்ளை, திருமதி ஆர்.ஏ. முதலிங்கம், திருமதி பவானி தயாள், செல்வி மீனாட்சி பிள்ளை, செல்வி பாக்கியம் முருகேச பிள்ளை. பவானி தயாளின் மனைவி ஜக்ராணி மட்டும் இந்திக்காரர், மற்றப் பத்துப் பேரும் நம்மவர்கள். ஆறு பேர் கைக்குழந்தையோடு கிளம்பினார்கள். இந்தப் பட்டியலில் சொந்தப் பெயரோடு நிற்பது கல்யாணம் ஆகாத இரண்டு பெண்கள்தான். மற்ற ஒன்பது பேரும் புருஷன் பெயருக்குள் ஒளிந்திருக்கிறார்கள். கல்யாணம் செல்லாது என்று சொன்ன சட்டத்தை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்களுக்கு, கடைசியில் அந்தக் கல்யாணத்தால் வந்த பெயர் மட்டும் மிஞ்சியது! இதை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

இவர்கள் முதலில் வெரீனிகிங் எல்லையில் கைதாகப் பார்த்தார்கள். போலீஸ் கண்டுகொள்ளவில்லை. லைசென்ஸ் இல்லாமல் கூவிக்கூவிச் சாமான் விற்றார்கள். அதற்கும் கைது இல்லை. பெண்களைப் பிடித்துப் போட்டு இந்தியாவில் சத்தம் கிளம்ப வேண்டாம் என்று அதிகாரிகள் நினைத்திருக்கலாம். அந்த நேரத்தில் செப்டம்பர் 15-இல் காந்தியின் ஃபீனிக்ஸ் ஆசிரமத்திலிருந்து புறப்பட்ட பதினாறு பேர் கொண்ட குழு எல்லையில் கைதாகிவிட்டது. கஸ்தூரிபாய் உள்ளிட்ட நான்கு பெண்கள் அதில் இருந்தார்கள். எனவே இந்தப் பதினொரு பேருக்கு வேறு வேலை வந்தது. ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் டிரான்ஸ்வாலிலிருந்து பெர்மிட் இல்லாமல் டர்பன் இருக்கும் நேட்டாலுக்குள் போக வேண்டும். பிடித்தால் சிறை. பிடிக்காவிட்டால் நேரே நியூகாசிலுக்குப் போய், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்யும் ஒப்பந்தக் கூலிகளை வேலைநிறுத்தம் செய்யச் சொல்ல வேண்டும்.

எல்லையில் அவர்களைப் பிடிக்காமல் விட்டதுதான் அரசாங்கம் செய்த பெரிய தப்பு.

அக்டோபர் 13 வாக்கில் தம்பி நாயுடுவோடு இவர்கள் நியூகாசில் போய்ச் சேர்ந்தார்கள். சுரங்கக் கூலிகள் தங்கிய காம்பவுண்டுக்குள்ளும் வரிசை வீடுகளுக்குள்ளும் போய்ப் பேசினார்கள். ஃபேர்லி சுரங்கத்துக்காரர்கள் முதலில் வேலையை விட்டார்கள், பிறகு பாலன்கீச், அதன் பின்னால் மற்றவை. இரண்டே வாரத்தில் நாலாயிரம், ஐயாயிரம் பேர் வெளியே நின்றார்கள். பெண்களை அக்டோபர் 21-இல்தான் பிடித்தார்கள். மூன்று மாதம் கடுங்காவல், பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறை. அதற்குள் தீ பற்றிக்கொண்டது. நவம்பரில் அது கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்குப் பாய்ந்தது. மவுண்ட் எட்ஜ்கோம்ப், எஸ்பெரான்சா பக்கமெல்லாம் துப்பாக்கிச் சூடு நடந்தது. இருபதாயிரம் பேர் வரை வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள் என்பார்கள்.

ஏன் இவர்கள் பேச்சு எடுபட்டது? என் கணிப்பைச் சொல்கிறேன். பிள்ளை, நாயுடு என்று பெயரைப் பார்த்தாலே தெரியும், இவர்கள் ஜோஹன்னஸ்பர்க்கில் கடை வைத்தும் வியாபாரம் செய்தும் பிழைத்த வீட்டுப் பெண்கள். சுரங்கத்தில் இருந்தவர்கள் வட ஆற்காடு, தென் ஆற்காடு, சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒப்பந்தக்காரர்கள். சாதாரண நாளில் இந்த இரண்டு கூட்டமும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்காது. ஆனால் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி வாசலில் வந்து நின்று, 'உன் பதின்மூன்று வயசு மகளுக்கும் மூணு பவுன் கேக்கிறானே' என்று தமிழில் கேட்டால் எந்த அம்மாவும் அடுப்பை விட்டு எழுந்து வருவாள். ஆண்கள் போயிருந்தால் காம்பவுண்டு மேனேஜர் விரட்டியிருப்பான். நாம் பள்ளியில் படித்தபடி சொன்னால் 'காந்தி அழைத்தார், தொழிலாளர் எழுந்தனர்' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். நடந்தது அவ்வளவு சுலபம் இல்லை.

நியூகாசிலில் இன்னொரு பெண்ணும் இருந்தார். லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவரின் மனைவி. அவருக்கும் நமக்குத் தெரிந்த பெயர் 'திருமதி லாசரஸ்' மட்டுமே. கொஞ்சம் நிலம், இரண்டு மூன்று அறை உள்ள வீடு, நடுத்தரக் குடும்பம். காந்தியைத் தங்கவைத்தால் முதலாளிகளும் போலீஸும் என்ன செய்வார்களோ என்று ஊரே பயந்த நேரத்தில் இந்தக் குடும்பம் கதவைத் திறந்தது. சுரங்கத்தை விட்டு வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு அந்த வாசலில் குவிந்தார்கள். வீடு சத்திரமானது. இரவு பகல் அந்த அடுப்பு அணையவில்லை என்றும், அந்த அம்மா நாள் முழுக்க அடிமை போல உழைத்தும் முகம் சுளிக்கவில்லை என்றும் காந்தியே எழுதியிருக்கிறார். ஆயிரக்கணக்கானவர் நடந்ததை நாம் விழாவாகக் கொண்டாடுகிறோம். அவர்கள் நடப்பதற்கு முன்னால் சாப்பிட்டார்கள் என்பதை யாரும் நினைப்பதில்லை. என்னைக் கேட்டால் பிள்ளைகளில் ஒருத்திக்கு இந்த லாசரஸ் அம்மாவைக் கொடுங்கள்.

நவம்பர் 6-இல் சார்ல்ஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி வேலைநிறுத்தக்காரர்களின் நடை கிளம்பியது. 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. அந்த நடைப்பயணங்களில் இரண்டு தாய்மார் குழந்தையை இழந்தார்கள். ஒரு குழந்தை குளிரிலும் வெயிலிலும் வாடிச் செத்தது. இன்னொன்று ஓடையைத் தாண்டும்போது தாயின் கையிலிருந்து நழுவி வெள்ளத்தோடு போனது. போனவர்களுக்கு அழுது என்ன பயன், இருக்கிறவர்களுக்காக நடப்போம் என்று அவர்களில் ஒருத்தி சொன்னதாகக் காந்தி பதிந்திருக்கிறார். அந்த 127 பேரில் ஒருத்தியின் பெயரும் நம் மேடைகளில் ஒலித்ததில்லை.

மாரிட்ஸ்பர்க் சிறையில் பெண்களுக்குக் கொடுத்த வேலை துணி துவைப்பது. மட்டமான சாப்பாடு, வெளியிலிருந்து எதுவும் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. மூன்று மாதம் கழித்து வந்தவர்கள் எலும்பும் தோலுமாக வந்தார்கள். வள்ளியம்மை இந்தப் பதினொரு பேருக்குப் பிறகு போன குழுவைச் சேர்ந்தவர். ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். அவருடைய அம்மா மங்களமும் கூடவே சிறைக்குப் போனார். நம் மேடைப் பேச்சில் அந்த அம்மா ஏனோ காணாமல் போய்விடுகிறார். காய்ச்சலோடு வெளியே வந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-இல் இறந்தார். அன்று அவருக்குப் பதினாறு நிறைந்த நாள் என்பார்கள். சமாதி உங்கள் ஜோஹன்னஸ்பர்க்கிலேயே, பிராம்ஃபன்டைன் இடுகாட்டில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். 1914 ஜூலையில் வரி ரத்தானது, நம் கல்யாணங்களும் செல்லுபடியாயின. அதே மாதம் காந்தி கப்பலேறினார். இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கதை அங்கே முடிந்துவிடுகிறது. நமக்கு அங்கேதான் தொடங்குகிறது.

பட்டியலின் முதல் பெயர், திருமதி தம்பி நாயுடு. அவர் பெயர் வீரம்மாள். தம்பி நாயுடு மொரீஷியஸில் பிறந்து ஜோஹன்னஸ்பர்க் வந்தவர், அங்கே தமிழர் சங்கத்தின் தலைவர், எத்தனையோ முறை சிறை சென்றவர். அவரைப் பற்றி எழுதியவர்கள் உண்டு, வீரம்மாளுக்கு ஒரு வாக்கியம் போதும் என்று விட்டுவிட்டார்கள். அந்தத் தம்பதி நான்கு மகன்களைக் காந்தியிடம் ஒப்படைத்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அதில் ஒருவர் நாராயணசாமி, எல்லாரும் ராய் என்று கூப்பிட்டது. திரும்பி வந்து அவர் கட்டிக்கொண்ட பெண் மனோன்மணி. ஊர் முழுக்க அவரை 'அம்மா நாயுடு' என்றே சொல்லும்.

ஜோஹன்னஸ்பர்க் டோர்ன்ஃபன்டைனில், ராக்கி தெருவில் இருந்தது அவர்கள் வீடு. 1946-இல் இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வேலி போடும் சட்டம் வந்தது. 'கெட்டோ சட்டம்' என்று நம்மவர்கள் சொன்னார்கள். டர்பனில் கேல் தெருவும் அம்பைலோ ரோடும் சந்திக்கும் மூலையில் காலி மனை ஒன்றில் கூடாரம் போட்டு எதிர்த்தார்கள். இரண்டாயிரம் பேர் வரை சிறை போனார்கள், பெண்களும் நூற்றுக்கணக்கில். அம்மா நாயுடுவும் அதில் ஒருவர். 1953-இல் ராய் இறந்துவிட்டார். ஐந்து பிள்ளைகள். துக்கத்தில் முடங்கவில்லை அந்த அம்மா. 1956 ஆகஸ்ட் 9-இல் பிரிட்டோரியாவில் அரசாங்க அலுவலகமான யூனியன் பில்டிங்ஸ் முன்னால் இருபதாயிரம் பெண்கள் கூடினார்களே, அந்தக் கூட்டத்தில் இருந்தார். நீங்கள் கொண்டாடப் போகும் நாளே அதுதான், தம்பி. லிலியன் இங்கோயி, ஹெலன் ஜோசப், ரஹிமா மூசா, சோஃபியா வில்லியம்ஸ் நால்வரின் படம் எல்லாப் பள்ளியிலும் இருக்கும். பின்வரிசையில் சேலை கட்டி நின்ற நம் பெண்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

1963-இல் மகன் இந்திரஸ் பிடிபட்டு ராபன் தீவுச் சிறையில் பத்து வருடம். மகள் சாந்தி 1969 ஜூனில் பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் கைது. தனிமைச் சிறை. மொத்தம் 371 நாள். அந்தக் காவலின் நடுவே, டிசம்பரில், அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். வின்னி மண்டேலாவுக்கும் அவரோடு குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் எதிராகச் சாட்சி சொன்னால் போதும், வெளியே வந்துவிடலாம். சொல்ல மாட்டேன், சொன்னால் என் மனசாட்சியோடு வாழ முடியாது என்று நின்றுவிட்டார். அதற்கு இன்னும் இரண்டு மாதம் தண்டனை. ஆறு மாதம் மனித முகமே பார்க்காமல் வைத்திருந்த ஒரு பெண், நீதிமன்றத்தில் அத்தனை பேர் நடுவில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்கிறார் என்றால் அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது? பாட்டி வீரம்மாள் மாரிட்ஸ்பர்க் சிறையில் துணி துவைத்த வீடு அது. 1972-இல் திரும்பி வர முடியாத எக்ஸிட் பெர்மிட்டில் சாந்தி நாட்டை விட்டுப் போனார். அம்மா நாயுடு 1993-இல் காலமானார். அடுத்த வருடம் ஏப்ரலில் எல்லாரும் ஓட்டுப் போட்டோம். அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. மாமியார், மருமகள், பேத்தி என்று ஒரே வீட்டில் மூன்று தலைமுறை. ஒரு பதினைந்து நிமிட நாடகத்துக்கு இது போதாதா?

டர்பனுக்கு வந்தால் டாக்டர் கூனம். 1906-இல் டர்பனில் பிறந்தவர், முழுப்பெயர் கேசவேலு குணரத்தினம் நாயுடு. பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடம் தாண்டி அனுப்பவே யோசித்த காலத்தில் 1928-இல் எடின்பரோவுக்குக் கப்பலேறி மருத்துவம் படித்து 1936-இல் திரும்பினார். தென்னாப்பிரிக்க இந்தியப் பெண்களில் முதல் டாக்டர். வெள்ளைக்கார நர்சுக்கு இந்திய டாக்டர் உத்தரவு போடக்கூடாது என்ற நாடு இது. ஆஸ்பத்திரிகள் சேர்த்துக்கொள்ளவில்லை, சொந்தமாக மருத்துவமனை வைத்தார். ஆண் டாக்டரிடம் வாய் திறந்து பேசாத நம் பெண்கள் அவரிடம்தான் வியாதியைச் சொன்னார்கள். 1946 போராட்டத்தில் திரும்பத் திரும்பச் சிறை போனார், நேட்டால் இந்தியக் காங்கிரஸில் பெரிய பொறுப்பில் இருந்தார். கறார் ஆள். தன் வாழ்க்கையை எழுதியபோது, தன்னை இழிவாகச் சொன்ன அதே சொல்லை எடுத்து 'கூலி டாக்டர்' என்று தலைப்பு வைத்தார். படிக்கச் சுவையான புத்தகம், உங்கள் உயர் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். 1998-இல் இறந்தார்.

ஃபிலிஸ் நாயுடுவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவரைப் பற்றிப் படிக்க நிறையவே கிடைக்கும். 1928-இல் எஸ்ட்கோர்ட்டில் பிறந்த தமிழ்க் கத்தோலிக்கப் பெண், வக்கீல். ராபன் தீவிலிருந்து வெளியே வந்து வேலையும் வீடும் இல்லாமல் அலைந்தவர்களுக்கு ஓடி ஓடி உதவியவர். 1977-இல் லெசோதோவுக்குத் தப்பினார், 1979-இல் தபாலில் வந்த குண்டு வெடித்துக் காயம்பட்டார், 1989-இல் மகனை ஜாம்பியாவில் சுட்டுக் கொன்றார்கள். 2013-இல் டர்பனில் மறைந்தார்.

மேடைக்கு என் யோசனை இதுதான். ஒரு பிள்ளை ஒருவரைப் பற்றி நீளமாகப் பேசுவதற்குப் பதிலாக, பதினொரு பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து அந்தப் பட்டியலை அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள். 'திருமதி' வரும் இடத்தில் எல்லாம் கேட்பவர்களுக்குத் தானாகவே உறைக்கும்.

இன்னொன்று, இது பெரியவர்களுக்கு. அந்த ஒன்பதில் வீரம்மாள், ஜக்ராணி போக மீதி ஏழு பெயர்களை மீட்க வழி இருக்கிறது. இந்த நாட்டில் ஒருவர் இறந்தால் சொத்து விவகாரத்துக்காக ஒரு மரண அறிவிப்புத் தாள் எழுதுவார்கள். அதில் தாய் தகப்பன் பெயரும், கணவன் அல்லது மனைவியின் பெயரும் இருக்கும். டிரான்ஸ்வால் தாள்கள் பிரிட்டோரியா ஆவணக் காப்பகத்தில், நேட்டால் தாள்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். கப்பல் பட்டியல்களைப் பார்க்க வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்து காந்தி லுத்துலி ஆவண மையத்தில் கேட்கலாம். ஆண்டும் கணவர் பெயரும் கையில் இருந்தால் தேடலைத் தொடங்கலாம். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் முருகேச பிள்ளை, முதலிங்கம் வழிவந்த குடும்பம் யாராவது இருந்தால் முதலில் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையிலோ படத்தின் பின்பக்கத்திலோ ஒரு பெயர் கிடைத்தாலும் எனக்கு எழுதுங்கள். இங்கே டர்பனிலிருந்து மாரிட்ஸ்பர்க் போய்வருவது எனக்குச் சிரமமில்லை.